திருவையாறு பக்கம் கிராமத்துச் சாலையில் 21.1 கி.மீ.: தை கடைசிக்குள் தயாராக முடியுமா?

குடமுருட்டிக்கரை (கேள்வி)

வணக்கம். தை கடைசி ஞாயிறு நாங்க நாலு பேர் அரை மாரத்தான் தூரம் ஓடலாம்னு இருக்கோம். பதிவு, பதக்கம் எதுவும் கிடையாது. தஞ்சாவூர்–திருவையாறு சாலையை ஒட்டின கிராமத்துச் சாலைகள், நடுவில் கொஞ்சம் ஆற்றங்கரைத் தடம், அவ்வளவுதான்.

இப்போதைய நிலை: வாரம் மூணு நாள், மொத்தம் 20 கி.மீ. போல ஓடறோம். 10 கி.மீ. 68 நிமிடம் ஆகுது. வயசு 28-லிருந்து 45 வரை. தங்கச்சியும் கூட ஓடறா. யோசிச்சு வெச்சிருக்கிற தடம் 10.5 கி.மீ. போய் அதே வழியில் திரும்பறது, கிளம்பறது 6 மணிக்கு.

கேட்க நினைக்கிறது: 12 வாரம் போதுமா? எந்த நேரத்தை இலக்கா வைக்கலாம்? தண்ணீருக்கு என்ன ஏற்பாடு? சாலையில் எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்? நகரத்து ஓட்டங்களைப் பற்றி நிறைய படிச்சாச்சு. ஊர்ப்பக்கத்துக்கு எது மாறும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓட்டக்கணக்கு

12 வாரம் போதும், ஏற்கெனவே 10 கி.மீ. ஓடறவங்களுக்கு.

முதலில் நேரம். 68-ஐ 2.11-ஆல் பெருக்கி 143 நிமிடம்னு எதிர்பார்க்காதீங்க, அது நடக்காது. தூரம் கூடக்கூட வேகம் இறங்கும். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் வெளியிட்ட சூத்திரம் இதுக்கு இன்னும் நல்லாப் பொருந்துது. புதுத் தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்கணும். உங்களுக்கு 68 × 2.21, கிட்டத்தட்ட 150 நிமிடம். இரண்டரை மணி நேரம். அதாவது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 வினாடி. அந்தத் தூரத்துக்கான பயிற்சி முழுசா முடிஞ்சிருந்தாதான் இந்தக் கணக்கும் செல்லும்.

ஞாயிறு நீண்ட ஓட்டம்: 10, 11, 13, 10. அடுத்த நாலு வாரம் 14, 15, 17, 12. பிறகு 18, 19, 12. பன்னிரண்டாவது ஞாயிறு ஓட்டம். நாலாவது, எட்டாவது வாரத்தில் இறங்குதே, அது தவறிப்போய் எழுதினது இல்லை. கால் எலும்பும் குதிகால் தசைநாணும் தசையைவிட மெதுவாத்தான் பலப்படும். மூச்சு தயாரா இருக்கேன்னு அந்த வாரத்தையும் ஏற்றினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்க ஆரம்பிக்கும்.

செவ்வாய் 5–6 கி.மீ. மெதுவா. வியாழன் 7–8 கி.மீ., அதில் நடுவில் 4 கி.மீ. மட்டும் இலக்கு வேகத்தில். சனிக்கிழமை 4 கி.மீ. உடம்பை அசைச்சுக் கொடுக்க. நீண்ட ஓட்டத்தின் வேகம் கிலோமீட்டருக்கு 7:45-லிருந்து 8:00 நிமிடம். பக்கத்தில் ஓடறவரோட முழு வாக்கியமாப் பேச முடியணும். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினா வேகம் அதிகம். நாலு பேர் சேர்ந்து ஓடும்போது பெரும்பாலும் கெடுறது இங்கேதான். யாரோ ஒருத்தர் அரை அடி முன்னால் போவார், மற்றவங்க எட்டிப் பிடிப்பாங்க, ஞாயிறு ஓட்டம் போட்டியா மாறிடும். மெதுவா ஓடற ஆளை முன்னால் விடுங்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ஞாயிறு போனா செவ்வாய்க்கிழமை ஓடிடுங்க. ரெண்டு ஞாயிறு சேர்ந்து போயிட்டா விட்டதைப் பிடிக்கப் பார்க்காதீங்க. எந்தத் தூரத்தில் நின்னீங்களோ அதிலிருந்து தொடருங்க. 17 கி.மீ. வரை போயிருந்தாலே 21.1 முடிக்கலாம். மழைத்தண்ணி தேங்கின சாலையில் காலில் வெட்டுக்காயத்தோட இறங்கி ஓட வேண்டாம், எலிக்காய்ச்சல் வர்ற வழி அது.

டெல்டா தரை தட்டையா இருக்கிறதால சுலபம்னு நினைக்கிறாங்க. ஒரு வகையில் சிரமம். ஏற்ற இறக்கம் இருந்தா தசைகள் மாறி மாறி வேலை செய்யும். தட்டைச் சாலையில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும், 16 கி.மீ.-க்கு மேல் கெண்டைக்கால் இறுகிடும். வாரம் மூணு நாள் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வெச்சு குதிகாலை ஏற்றி இறக்குங்க, 15 முறை, மூணு சுற்று. இறக்கும்போது மூணு வினாடி எடுத்துக்கணும். பலன் அந்த மெதுவான இறக்கத்தில்தான்.

வெண்ணாற்றுப்பாசனம்

தம்பி, தேதியை மறுபடி யோசிங்க. தை கடைசின்னா சம்பா அறுப்பு. நீங்க சொல்ற சாலை அப்ப பாதி சாலையா இருக்காது, களமா இருக்கும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. மெஷின்ல அறுத்த நெல் அதைவிட ஈரமா வரும். அதனால தார்ச்சாலையில் ஒரு பக்கம் முழுக்கக் காயப்போட்டிருப்பாங்க. ராத்திரி அதைக் குவிச்சு, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்துல செங்கல், பாறாங்கல், மரக்கட்டைன்னு வெச்சிருப்பாங்க. இருட்டுல ஓடுற காலுக்கு அந்தக் கல்லும் தார்ப்பாய்க் கயிறும்தான் முதல் எதிரி. கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல விறைப்பா நிக்கும், டார்ச் வெளிச்சத்துல தார்ப்பாய் தெரியும், கயிறு தெரியாது. குவியலைக் கண்டா ரெண்டு மீட்டர் ஒதுங்கிப் போங்க.

பரப்பின நெல்மேல கால் வைக்காதீங்க. ஒருத்தரோட ஆறு மாச உழைப்பு அது. அதோட நெல்மணி தார் மேல உருளும், கால் பின்னால வழுக்கி தொடையின் பின்தசை இழுத்துக்கும். வைக்கோல் இன்னும் மோசம், பனி பட்ட வைக்கோல் எண்ணெய் தடவின மாதிரி. ஓடி ஏறாம நடந்து கடங்க.

அறுப்பு மெஷின், டிராக்டர் எல்லாம் வயல்லேருந்து சாலைக்கு ஏறும்போது சக்கரத்து மண் கட்டி கட்டியா விழும். ரெண்டு நாள் வெயில்ல அது கல்லு. தார் நிறத்துலயே இருக்கும். கணுக்கால் பிசகுறதுக்கு இது போதும். எங்கெல்லாம் வயலுக்குள்ள வண்டி இறங்குற வழி இருக்கோ அங்கெல்லாம் இருக்கும்னு எதிர்பார்த்து, முன்னாடியே அடியைச் சுருக்குங்க.

வைக்கோல் ஏத்தின வண்டிக்கு சாலையோட அகலம் பத்தாது. ரெண்டு பக்கமும் பிதுங்கி வரும், பின் விளக்கு மறைஞ்சிருக்கும். சத்தம் கேட்டாலே சாலையை விட்டு இறங்கி நில்லுங்க. ஒரு நிமிஷம் போனா போகட்டும்.

கரைத்தடத்தைப் பத்தி ஒண்ணு. மண் காலுக்கு மெத்துன்னு இருக்கும்னு ஆசைப்படாதீங்க. மழைக்காலத்துல மாட்டுக்குளம்பு பதிஞ்ச குழி தை மாசத்துல அப்படியே காய்ஞ்சு இறுகியிருக்கும். அதோட சீமைக்கருவேல முள். ஓடுற ஷூவோட அடி நுரைதானே, ரெண்டு அங்குல முள் நேரா உள்ளங்காலுக்கு வந்துடும். குத்தின முள்ளைக் கையால இழுத்தா நுனி உள்ள ஒடியும். நகவெட்டி ஒண்ணு சின்னப் பையில இருக்கட்டும், ஷூவைக் கழட்டிட்டு அடிப்பக்கத்துலேருந்து பிடிச்சு இழுங்க. டி.டி. ஊசி போட்டு நாளாச்சுன்னா இப்பவே போட்டுக்கங்க.

பாலங்கள். தஞ்சாவூர்லேருந்து திருவையாறு வந்தா வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆறு. நம்ம பக்கத்துல ஏற்றம்னு இருக்கிறது பாலத்துக்கு ஏறுற சரிவு மட்டும்தான். ஏறும்போது வேகத்தைப் பார்க்காதீங்க, மூச்சைப் பாருங்க. பாலத்து மேல ரெண்டு தளம் சேருற இடத்துல இரும்பு விளிம்பு துருத்திக்கிட்டு இருக்கும், ஷூ நுனி மாட்டும். பாலத்துல ஒதுங்க இடமும் கிடையாது. பஸ் ஏறுறதைப் பார்த்தா அது கடந்த பிறகு நீங்க ஏறுங்க.

திருவையாறு ஆராதனை நடக்குற நாளைத் தவிர்த்துடுங்க. அந்த வாரம் ராத்திரியெல்லாம் வண்டி ஓடும்.

ஓட்டக்கணக்கு

மேலே சொன்னதைப் பார்த்தால் போய்த்திரும்பற 10.5 கி.மீ. தடத்தைக் கைவிடறதே நல்லது. 7 கி.மீ. சுற்று ஒன்றைப் பிடிங்க, மூணு முறை சுற்றணும். 21.0975-க்கு மீதி 97.5 மீட்டர்தான், அதை ஆரம்பத்தில் சேர்த்துக்கலாம்.

ஏன்னா, போய்த்திரும்பற தடத்தில் ஒருத்தருக்கு முடியாமப் போனா வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்பார். சுற்றில் மூன்றரைக்கு மேல் போகாது. தண்ணீர் ஒரே இடத்தில் வைக்கலாம். கல், கயிறு, நாய் எல்லாம் முதல் சுற்றிலேயே தெரிஞ்சிடும். கணக்கும் சுலபம்: இரண்டரை மணி நேரத்துக்குச் சுற்று ஒன்றுக்கு சரியா 50 நிமிடம்.

சுற்றும் திசை முக்கியம். வண்டி இடப்பக்கம் வரும் நாடு, அதனால எதிரே வர்ற வண்டி தெரியும்படி வலது ஓரத்தில் ஓடணும். கோயில் பிரகாரம் மாதிரி வலமாச் சுற்றினால் எல்லாத் திருப்பமும் வலப்பக்கம் வரும், சாலையைக் குறுக்கே கடக்கவே வேண்டாம். இடமாச் சுற்றினால் ஒவ்வொரு திருப்பத்திலும் கடக்கணும்.

வலது ஓரத்திலேயே ஓடறதில் ஒரு குறை உண்டு. மழைத்தண்ணி வடிய சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சாய்ந்திருக்கும். வலது பாதம் எப்போதும் தாழ்வாக விழும், இடுப்பு ஒரு பக்கம் சாயும், 15 கி.மீ. வாக்கில் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். திசையை மாற்றி ஓடினாலும் தீராது, அப்பவும் நீங்க வலது ஓரம்தானே. நேரான, ரெண்டு பக்கமும் வெகுதூரம் தெரியற இடத்தில் சாலையின் நடு மேட்டுக்கு வந்து ஓடுங்க. திருப்பத்துக்கு 50 மீட்டர் முன்னால் ஓரத்துக்குத் திரும்பிடுங்க.

6 மணிக்குக் கிளம்பறதும் தாமதம். 5:15-க்குக் கிளம்பினா 6:05, 6:55, 7:45. தை மாசம் சூரியன் 6:35 வாக்கில்தான் எழும், முதல் சுற்று முழுக்க இருட்டு. இருந்தாலும் 8 மணிக்கு மேல் ஏறும் வெயிலைவிட இருட்டைச் சமாளிக்கிறது சுலபம். தலையில் கட்டற விளக்கு 200 லூமனுக்குக் குறையாம, ஆளுக்கு ஒன்று. முதுகில் சிவப்பு மினுக்கு விளக்கு, ஒளி திருப்பும் பட்டை வெச்ச மேல்சட்டை.

வயல்வெளி_நடை

நாய்க்கு மட்டும் ஒரு வார்த்தை. சாலையில் திரியறதைவிட களத்துமேட்டிலும் பம்புசெட்டிலும் காவலுக்கு இருக்கிற நாய்தான் பாயும். அதுக்கு அந்த இடம் சொந்தம். குரைச்சுக்கிட்டு வந்தா ஓட்டத்தை நிறுத்தி நடங்க. கண்ணை நேராப் பார்க்காதீங்க, முதுகையும் காட்டாதீங்க, பக்கவாட்டா நகருங்க. குனிஞ்சு கல்லெடுக்கிற மாதிரி கை போனாலே பெரும்பாலான நாய் பின்வாங்கும். எறியணும்னு இல்லை. அந்த எல்லையைத் தாண்டி முப்பது நாப்பது மீட்டர் நடந்த பிறகு ஓடுங்க. நாலு பேரும் ஒண்ணாப் போங்க, சிதறினா கடைசி ஆளைத்தான் துரத்தும்.

பயிற்சிக்கும் அதே சுற்றில், அதே நேரத்தில் போறதுதான் நிரந்தர வழி. ரெண்டு மூணு வாரத்தில் நாய்க்கும் பழகிடும், வீட்டுக்காரருக்கும் பழகிடும். பகலில் ஒருமுறை போய் அந்த வீட்டுக்காரர்கிட்ட, "அண்ணே, ஞாயித்துக்கிழமை விடிகாலை ஓடுவோம்"னு சொல்லிடுங்க. அன்னைக்கு கட்டி வெச்சிடுவாங்க.

குடமுருட்டிக்கரை

ரொம்ப நன்றி. சுற்றா மாத்திடறோம், வலமாவே. கொள்முதல் நிலையம் இருக்கிற சாலையை விட்டுட்டு வேற சாலை பார்க்கிறோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒரு நண்பர் டூவீலரில் கூட வர்றேன்னு சொல்றார், அவரை முன்னால் விடறதா, பின்னால் விடறதா? தண்ணீர் எவ்வளவு, எதைக் கலந்து? இளநீர் இங்கே தாராளமாக் கிடைக்கும், அது மட்டும் போதுமா?

உப்புத்தண்ணி

டூவீலர் பின்னால், முப்பது மீட்டர் தள்ளி, உங்க பக்கம் இல்லாம அவரோட இடது பக்கத்தில் வரட்டும். முன்னால் விட்டா புகையை நாலு பேரும் இரண்டரை மணி நேரம் குடிக்கணும். பின்னால் வந்தா அவர் விளக்கு வெளிச்சமும் உங்களுக்குக் கிடைக்கும், பின்னால் வர்ற வண்டிக்கும் எச்சரிக்கை. ஒரு குறை உண்டு: அந்த வெளிச்சத்தில் உங்க நிழலே உங்க காலடியில் விழும், பள்ளம் மறையும். தலை விளக்கை அணைக்க வேண்டாம். கடைசி ஆளுக்குப் பின்னால்தான் அவர் வரணும், யார் முன்னால் போனாலும் சரி.

தண்ணீர்க் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், அதனால அளந்து பாருங்க. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னால் சிறுநீர் கழிச்சிட்டு, குறைந்த உடுப்போட எடை பாருங்க. ஓடி முடிச்சு வியர்வையைத் துடைச்சிட்டு மறுபடி பாருங்க. 68.0 கிலோ 67.2 ஆச்சு, இடையில் 200 மில்லி குடிச்சீங்கன்னா, போன வியர்வை ஒரு லிட்டர். மார்கழி, தை விடிகாலையில் குளிர்ச்சியா இருக்கேன்னு நினைப்போம். ஆனா காற்றில் ஈரம் அப்போதுதான் உச்சம், வியர்வை ஆவியாகாம சொட்டும். உடம்பு குளிராது, தண்ணி மட்டும் போகும்.

மணிக்கு ஒரு லிட்டர் போனா இரண்டரை மணிக்கு இரண்டரை லிட்டர். எல்லாத்தையும் திருப்பிக் குடிக்கணும்னு இல்லை. உடல் எடையில் 2 சதவீதம் வரை குறையலாம், 68 கிலோவுக்கு அது 1.36 கிலோ. ஆக ஓட்டத்தின்போது 1.1–1.2 லிட்டர் உள்ளே போனால் போதும். 3.5 கி.மீ.-க்கு ஒரு இடம்னு சுற்றின் ரெண்டு முனையில் வெச்சா, நடுவில் ஐந்து முறை தண்ணீர் வரும். ஒவ்வொரு முறையும் 200–250 மில்லி, 30 வினாடி நடந்துக்கிட்டே குடிங்க. ஓடிக்கிட்டே குடிச்சா காத்தும் சேர்ந்து உள்ளே போய் விலாவில் பிடிக்கும்.

ஓ.ஆர்.எஸ். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணிக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அது: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டறவங்க நிறைய பேர். அப்படிக் கலந்தா உப்பு இரட்டிப்பாகும், தாகம் கூடும், வயித்தைப் பிரட்டும். பொட்டலத்தைப் பாதியாப் பிரிக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கிற பொடி சமமாப் பிரியாது. வீட்டிலேயே ஒரு லிட்டரில் முழுசாக் கரைச்சு, ரெண்டு அரை லிட்டர் பாட்டிலில் ஊத்துங்க.

இளநீர் நல்லது, ஆனா ஓட்டத்துக்குப் பிறகு. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போறது பெரும்பாலும் சோடியம். இளநீரை மட்டும் நம்பினா போன உப்பு திரும்பாது. முடிச்ச பிறகு ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிங்க.

சக்திக்கு ஓ.ஆர்.எஸ். போதாது, லிட்டருக்கு 13.5 கிராம் சர்க்கரை ஒண்ணுமே இல்லை. மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து வேணும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 20–25 கிராம் இருக்கு. 7 கி.மீ.-யில் ஒரு பழம், 12-ல் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நாலு, 16-ல் புளியங்கொட்டை அளவில் வெல்லக்கட்டி ரெண்டு, கூடவே தண்ணி. கடலைமிட்டாய் வேண்டாம், நிலக்கடலையில் கொழுப்பு இருக்கிறதால வயித்திலேயே நிற்கும், மெல்றதும் மூச்சைக் கெடுக்கும். பசிக்கும்வரை காத்திருக்காதீங்க, பசி தெரியும்போது ரெண்டு கிலோமீட்டர் தாமதமாயிருக்கும்.

காலை 3:45-க்கு ரெண்டு மூணு இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு. சாம்பார், சட்னி, பால், கொண்டைக்கடலை எதுவும் வேண்டாம். காபி பழக்கம் இருந்தா குடிங்க, இல்லாதவங்க அன்னைக்கு ஆரம்பிக்க வேண்டாம். ஓட்டத்தன்னைக்கு என்ன சாப்பிடப் போறீங்களோ அதையே 17, 18, 19 கி.மீ. ஞாயிறுகளிலும் சாப்பிட்டுப் பார்த்திடுங்க.

உரசலுக்கு: அக்குள், தொடை நடு, மார்பு, தங்கச்சிக்கு உள்ளாடைப் பட்டை படற இடம். தேங்காயெண்ணெய் உடம்புச் சூட்டில் அரை மணியில் வழிஞ்சிடும், பெட்ரோலியம் ஜெல்லி நிற்கும். பருத்தி பனியன், பருத்திச் சாக்ஸ் ரெண்டும் வேண்டாம். ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், பாதத்தில் கொப்புளம் அதனாலதான். ஷூ முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், ஓட ஓட பாதம் வீங்கும்.

முதலுதவி_தஞ்சை

தண்ணீரைப் பற்றி மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. பயத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அறிகுறிகள்: விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, வயிறு உப்புவது, தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம். ஓட்டம் முடிந்து எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறார் என்று பொருள். அவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

வெப்பத் தாக்குதலைத் தை மாதத்தில் எதிர்பார்க்க மாட்டோம். ஆனால் ஈரக்காற்றில், பழக்கத்தைவிட வேகமாக ஓடினால் வரும். அதற்கு முக்கியமான அடையாளம் புத்தி தடுமாறுவது: கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, தள்ளாடுவது, எரிந்து விழுவது. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பது இல்லை. ஓடுபவருக்கு நனைந்த உடம்போடும் வரும். உள்ளுடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 108-ஐ அழைத்துவிட்டு உடனே குளிரவைக்கத் தொடங்குங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் நிமிடங்கள்தான் உயிரை எடுக்கின்றன. பக்கத்துப் பம்புசெட்டில் மோட்டாரைப் போடச் சொல்லி, தலை, கழுத்து, மார்பு, தொடை முழுக்க நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்க்காலில் இறக்க வேண்டாம்.

அதனால் சுற்றில் எந்தெந்த பம்புசெட் காலை ஐந்து மணிக்கு மேல் ஓடும் என்பதை முந்தைய வாரமே பார்த்து வையுங்கள்.

நாய் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, ஓட்டம் அங்கேயே முடிந்தது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கட்டுப் போடக் கூடாது, சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஊசி. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். இரத்தம் வந்த கடிக்கு இதோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பாம்பு விஷயத்தில் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் கவனத்தில் இருக்கட்டும். அறுப்புக் காலத்தில் எலியைத் தேடி வைக்கோலுக்கும் குவியலுக்கும் வரும். சாலையோரப் புல்லில் சிறுநீர் கழிக்க இறங்கும்போது விளக்கை முதலில் காட்டுங்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றுங்கள். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ தெரியாது. வலிக்கவில்லையே என்று மீதி ஓட்டத்தை முடிக்க நினைப்பவருக்கு ஓரிரு மணி நேரத்தில் கண் இமை தொங்கத் தொடங்கும். நேராகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நல்லது.

முந்தைய பத்து நாளில் காய்ச்சல் வந்தவர் அன்று ஓட வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 45 வயதுக்காரர் இப்போதே ஒருமுறை இரத்த அழுத்தமும் இ.சி.ஜி.-யும் பார்த்துக்கொள்ளட்டும்.

குடமுருட்டிக்கரை

எல்லாத்தையும் குறிச்சாச்சு. தேதியை மாசி ரெண்டாவது ஞாயிறுக்குத் தள்ளலாமா? அறுப்பு முடிஞ்சிருக்கும், ஆனா வெயில் கூடுமேன்னு யோசனை.

அப்புறம் தூரத்தை எப்படி அளக்கிறது? நாலு கடிகாரம் நாலு தூரம் காட்டுது.

வெண்ணாற்றுப்பாசனம்

மாசி ரெண்டாவது ஞாயிறு சரியா வரும். அதுக்குள்ள பெரும்பாலும் அறுப்பு முடிஞ்சு, வைக்கோல் கட்டும் ஏறிடும். 5:15-ஐ 5 மணியாக்குங்க, வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிடும். பனி விழுந்தா மட்டும் காத்திருங்க. ஆத்தோரத்துல மூடுபனி இறங்கினா தலை விளக்கு வெளிச்சம் திரும்பி நம்ம கண்ணுலயே அடிக்கும். விளக்கைத் தலையிலேருந்து எடுத்து இடுப்புல கட்டினா தரை தெரியும். அம்பது மீட்டருக்கு அப்பால இருக்கிற மரம் தெரியலைன்னா கிளம்பாதீங்க.

ஓட்டக்கணக்கு

அப்போ ரெண்டு வாரம் கூடுது. 19 கி.மீ.-க்கு மேல் ஏற்ற வேண்டாம். எட்டாவது வாரத்துக்குப் பிறகு 15, 12-ன்னு ரெண்டு ஞாயிறு சேர்த்து, பிறகு 18, 19, 12.

தூரம்: புளிய மரம், தென்னை நெருக்கமா இருக்கிற இடத்தில் கடிகாரத்துக்குச் சமிக்ஞை சிதறும், அதனாலதான் நாலு விதம். கைபேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் சாலையின் வலது ஓரமாகவே புள்ளி புள்ளியா வெச்சு அளங்க. பிறகு தரையில் சுண்ணாம்பால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கோடு போடுங்க. பெயின்ட் வேண்டாம், சாலை அடையாளம்னு வண்டிக்காரங்க குழம்புவாங்க.

மாநிலச் சாலை வர்ற இடத்தில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும், புல் மறைச்சிருந்தா முந்தின நாள் விலக்கி வெச்சிடுங்க. 7:05 வேகத்துக்கு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 1 நிமிடம் 25 வினாடி. கடிகாரம் உளறினாலும் இது பொய் சொல்லாது.

முதல் 3 கி.மீ. 7:20-ல் போங்க, 22 நிமிடம் ஆகணும். அதில் இழக்கிறது 40 வினாடி மட்டும். மீதி 18.1 கி.மீ.-யில் கிலோமீட்டருக்கு 2 வினாடி சொச்சம் வேகம் கூட்டினா ஈடாகிடும். முதல் சுற்று 50 நிமிடம் 30 வினாடிக்கு முன்னால் முடிஞ்சா வேகம் அதிகம், ரெண்டாவது சுற்றில் தண்ணீர் இடத்தில் முழு நிமிடம் நடங்க. 48-க்குள் முடிச்சவர் மூணாவது சுற்றில் பாலத்துச் சரிவில் நடப்பார், அவரோட ஒருத்தர் கூடவே இருக்கட்டும்.